ஜப்பானில் முப்பது, தமிழில் பதின்மூன்று

நான் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, லேக் மார்க்கெட் பக்கம் எதிர்ப்படும் தமிழர்கள் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்பார்கள். "அவ்வளவு கராத்தே செஞ்சும் உனக்கு எப்படிப்பா இப்படி வந்தது?" என்பது ஒன்று. "கராத்தே செஞ்சதாலதானே பொழைச்சே?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். கத்திரிக்காய்க் கூடைகளுக்கு நடுவே நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. கராத்தே என்னை நிமிர்த்தியது உண்மை. ஒரு நாள் மாலை அதே கராத்தேயை வைத்து நான் என் உயிரையே பந்தயம் கட்டினேன் என்பதும் உண்மை. இதே நோயில் படுத்திருப்பவர்களும், பிள்ளையை வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களும் இரண்டையும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா கிடர்பூர் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலை பார்த்தார். அவரும் அம்மாவும் தூத்துக்குடியிலிருந்து வங்காளத்துக்கு வந்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான்தான். ஆகவே எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதத்தையும் நான் படித்துச் சொல்ல வேண்டும். ஆபீசர், டாக்டர், போலீஸ்காரர் யார் பேசினாலும் நான் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சொல்வதுதான் அவர்களுக்கு உலகம் சொல்வது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினான்கு வயதில் காளிகாட்டில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாலை நேரம் நடந்த கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். அப்போது ஒல்லியாக, கூன் விழுந்து, கோபத்தோடு இருப்பேன். தெருவில் யாராவது தென்னாட்டான் என்று கேலியாக "ஏ மத்ராஜி" என்றால் கல்லைத் தேடுவேன். இரண்டு வருடத்தில் முதுகு நிமிர்ந்தது, படுத்தால் தூக்கம் வந்தது, மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்க முடிந்தது. கூப்பிட்டவனைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கவும் முடிந்தது. சண்டை கற்றுக்கொள்ளப் போய்ச் சண்டையே குறைந்துவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள்.

காலையில் துறைமுகக் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் ஐந்நூறு குத்து. எண்ணிக்கை ஜப்பானிய மொழியில். இச், நி, சான், சி, கோ, ரொக், சிச், ஹாச், கு, ஜூ. பத்து முடிந்தால் பதினொன்று கிடையாது, மறுபடி இச். இழுக்காமல் வெட்டி வெட்டிச் சொல்ல வேண்டும். ஒரு மூச்சில் எத்தனை பத்து சொல்ல முடியும் என்று எனக்கும் மௌசுமிக்கும் போட்டி நடக்கும். மௌசுமி பாலிகஞ்சிலிருந்து வருகிற வங்காளிப் பெண். என் வயதுதான். இருவரும் பழுப்பு பெல்ட், கறுப்புக்கு முந்தின படி. ஏழு வருடமாக அவள்தான் எனக்கு ஜோடி. என் மூக்கை இரண்டு முறை உடைத்திருக்கிறாள்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு குளிர்காலம். கறுப்பு பெல்ட் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. தெருவோரத்தில் புச்கா, அதாவது பானி பூரி, தின்று மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அது நின்று பத்து நாள் கழித்துப் பாதத்தில் ஊசி குத்துவது போல ஆரம்பித்தது. அன்று வகுப்பில் என் உதையைப் பார்த்துவிட்டு மௌசுமி, "என்னடா ஷெல்பம், கல்யாண வீட்டு மாமா டான்ஸ் ஆடுற மாதிரி காலைத் தூக்குற" என்றாள். செல்வம் என்ற என் பெயர் அவள் வாயில் எப்போதும் ஷெல்பம்தான். நானும் சிரித்தேன். மறுநாள் மெட்ரோ ஸ்டேஷன் படியில் முழங்கால் மடங்கிவிட்டது. விழும்போது மோவாய் தானாக நெஞ்சோடு ஒட்டியது, உள்ளங்கை தானாகத் தரையை அறைந்தது. வகுப்பில் ஆயிரம் தடவை விழுந்து பழகியது. பன்னிரண்டு படி உருண்டும் தலையில் கீறல் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை.

மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர் ஒரு இளம் பெண் டாக்டர். வார்டில் எல்லோரும் அவரை டாக்டர் தீதி, அதாவது டாக்டர் அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. கணுக்காலில் தட்டினார். அங்கேயும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து நான் பயந்தது அப்போதுதான்.

இரண்டு சோதனைகள். முதலாவதில் நம்மைக் குழந்தை போல் சுருண்டு படுக்க வைத்து, முதுகெலும்புக்கு நடுவே ஊசி விட்டு, தண்ணீர் மாதிரி ஒரு நீரைச் சொட்டுச் சொட்டாக எடுப்பார்கள். கேட்கத்தான் பயங்கரம், அசையாமல் இருந்தால் பத்து நிமிட வேலை. அசையாமல் இருக்க எனக்குத் தெரியும். இரண்டாவதில் கை காலில் சின்னச் சின்ன மின்சாரம் தட்டி, நரம்பு எவ்வளவு வேகத்தில் சேதி கொண்டுபோகிறது என்று பார்ப்பார்கள். என் நரம்புகள் சேதியைப் பாதி வழியில் தொலைத்துக்கொண்டிருந்தன.

டாக்டர் தீதி ஜி.பி.எஸ். என்று ஒரு நரம்பு நோயின் பெயரை மூன்று எழுத்தில் சொன்னார். வயிற்றில் வந்த கிருமியோடு சண்டை போட்ட உடம்பின் காவல் படை, கிருமி போன பிறகும் நிற்காமல், நரம்பின் மேலுறையை எதிரி என்று நினைத்து அடிக்கிறது. அந்த அடி, பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். ஏறி ஓரிடத்தில் நிற்கும். பிறகு இறங்கும். உறை திரும்ப வளரும், பெரும்பாலானோர் நடப்பார்கள். "எங்க போய் நிக்கும்கிறதுதான் கேள்வி. நெஞ்சுக்குக் கீழ நின்னா நல்லது" என்றார்.

இதை நான் தமிழில் சொன்னபோது, கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டேன். அப்பா, "சரி, நடப்பான்னு சொல்லுதாங்கல்ல" என்றார். அம்மா, "அந்தப் புச்காக்காரன் கையை முறிக்கணும்" என்றாள்.

நெஞ்சுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. மூச்சை அளக்கிற கருவி வேறு வார்டில் மாட்டிக்கொண்டிருந்ததால், வழக்கமான கைக்கணக்கு. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, நடுவில் மூச்சு வாங்காமல், சத்தமாக ஒன்று இரண்டு எண்ண வேண்டும். எத்தனை வரை போகிறோமோ அதை நர்ஸ் அட்டையில் எழுதிவிடுவார். சில மணி நேரத்துக்கு ஒரு முறை. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சுத் தசையும் சோர்கிறது என்று அர்த்தம். பதினைந்துக்குக் கீழே போனால் ஐ.சி.யூ., தொண்டையில் குழாய், மூச்சு விட மெஷின்.

முதல் நாள் முப்பத்தெட்டு. அடுத்த நாள் முப்பது, இருபத்தாறு. மூன்றாம் நாள் காலையில் பத்தொன்பது. அப்போது தோள் வரைக்கும் பலம் போயிருந்தது. ஸ்பூனைப் பிடிக்க முடியாது. அம்மா சோற்றைக் குழைத்து ஊட்டினாள், விழுங்க நேரமானது.

அன்று மத்தியானம் என் எதிர்ப் படுக்கையிலிருந்தவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாயில் குழாய், இரண்டு பக்கமும் பிளாஸ்திரி. கண் மட்டும் அங்கும் இங்கும் ஓடியது. நான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். அது எனக்கு வரக் கூடாது என்று தீர்மானித்தேன். பயத்தைப் பல்லைக் கடித்து விழுங்குவதும், வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்வதும் ஏழு வருடமாகச் செய்து வந்ததுதான். எங்கள் வகுப்பில் ஒருவரும் 'முடியவில்லை' என்று சொன்னதில்லை. அதைப் பெருமையாகவும் நினைத்திருந்தோம்.

மாலை நான்கு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், நர்ஸ் வந்து எண்ணச் சொன்னார். மூச்சை இழுத்தேன். இச், நி, சான், சி, கோ. உதட்டு நுனியில், பாதி எழுத்தை முழுங்கி. பத்து. மறுபடி இச். இருபது. மறுபடி. ஜூ என்று முடித்தபோது நர்ஸ் முகம் மலர்ந்தது. அட்டையில் முப்பது என்று எழுதினார். எந்த மொழியில் எண்ண வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பின்னால் வந்த டாக்டர் தீதி அட்டையைப் பார்த்து, "வாஹ், ஏறுதே. இப்படியே இருந்தா வார்டுலயே வெச்சுக்கலாம்" என்றார்.

அம்மா கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏல, காலைல தமிழ்ல எண்ணுன. இப்ப எதுக்கு ஜப்பான்ல எண்ணுத?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"எப்படில ஒண்ணாவும்? மாடியில நீ கத்தும்போது நான் துணி காயப் போட்டுக்கிட்டுதான நிப்பேன். உன் ஜப்பான் பத்து முடியதுக்குள்ள ஒரு சேலையைக்கூட உதற முடியாது."

"சும்மா இரும்மா."

அவள் சும்மா இருக்கவில்லை. அடுத்த படுக்கைக்கு நகர்ந்திருந்த டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்தாள். அம்மாவுக்குத் தெரிந்தது துறைமுகக் குவார்ட்டர்ஸ் இந்தி, மீன்காரியோடு பேரம் பேசுகிற இந்தி. "டாக்டர் தீதி, ஏ கிண்தி ஜூட்டா" என்றாள். இந்த எண்ணிக்கை பொய். அதற்கு மேல் சொல்ல அவளிடம் இந்தி இல்லை. விரலை மடக்கி, பத்து காட்டி, தலையை ஆட்டி, என்னென்னவோ செய்தாள்.

டாக்டர் தீதி என்னிடம் திரும்பினார். "மாஷிமா என்ன சொல்றாங்க?" அம்மா வயதுப் பெண்களை வங்காளிகள் சித்தி என்று மரியாதையாக அழைப்பது அப்படித்தான்.

அம்மாவும் என்னைப் பார்த்தாள். "சொல்லுல. நான் சொன்னதை அப்படியே சொல்லு."

எட்டு வயதிலிருந்து எத்தனை இடத்தில் அவளுக்காகப் பேசியிருக்கிறேன். எதையாவது மாற்றிச் சொன்னால் அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சின்னச் சின்னதாக மாற்றியும் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைப் பற்றிச் சொன்ன புகார்கள், ரெண்டு நாள் முன்பு டாக்டர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம். இப்போதும் முடியும். 'பையனுக்கு முட்டை கொடுக்கலாமா என்று கேட்கிறாள்' என்று சொன்னால் டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். நாக்கு நுனியில் அந்த முட்டை வந்து நின்றது, பொய்யில்லை.

அம்மா காத்துக்கொண்டிருந்தாள். நான் சரியாகச் சொல்வேனா என்ற சந்தேகமே அவள் முகத்தில் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் போயிற்று.

"நான் ஜப்பானிய மொழில எண்ணினேன்" என்று டாக்டரிடம் வங்காள மொழியில் சொன்னேன். "காலைல தமிழ்ல. ஜப்பான் எண் சின்னது. பத்து வந்ததும் மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணினேன். அம்மா அதைத்தான் சொல்றாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தெரிஞ்சேதான் செஞ்சேன்" என்றும் சொன்னேன்.

டாக்டர் தீதி திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தமிழ்ல எண்ணு."

ஒண்ணு, ரெண்டு, மூணு. நம் மொழியில் பத்துக்கு மேல் எண்கள் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். பன்னெண்டு. பதிமூணு. பதினாலில் 'பதி' மட்டும் வந்தது.

அவர் அட்டையில் முப்பதை அடித்துவிட்டுப் பதின்மூன்று என்று எழுதி, பக்கத்தில் 'தமிழ்' என்று ஆங்கிலத்தில் குறித்தார். "இனிமே தமிழ்தான். மாஷிமாதான் சாட்சி" என்றார்.

ஐ.சி.யூ.வுக்கு மாற்றும் முன் கையெழுத்துக் காகிதம் ஒன்று வந்தது. அப்பா டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார், காக்கிச் சட்டையில் கிரீஸோடு. நர்ஸ் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார். அப்பா காகிதத்தை வாங்கி, பழக்கப்படி என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"நீ படிச்சுச் சொல்லு. நான் போடுதேன்."

நான் படித்தேன். நோயாளிக்கு. மூச்சு. தேவைப்பட்டால். தொண்டை வழியாக. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்த வேண்டியிருந்தது. இந்த முறை எதையும் விடவில்லை. மூன்றாவது வரியில் அப்பா, "போதும்ல, போதும்" என்று காகிதத்தை இழுத்து, சுவரில் வைத்து, தன் பெயரின் நான்கு எழுத்தையும் போட்டார். அந்த நான்கு எழுத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

மறுநாள் காலை, வெளிச்சத்தில், ஆட்கள் எல்லோரும் தயாராக நிற்கும்போது குழாய் போட்டார்கள். மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள், போடுவது வலிக்காது. முந்தின நாள் முப்பதை நம்பி வார்டில் விட்டிருந்தால் நடுராத்திரியில், யாருமில்லாதபோது, ஓடிவந்து போட வேண்டியிருந்திருக்கும், அதற்கும் நேரம் இருந்திருக்குமோ என்னவோ என்று டாக்டர் தீதி பிற்பாடு சொன்னார்.

ஒன்பது நாள் மெஷின். அதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மூச்சு முட்டாது. ஆனால் நம் மூச்சு நம்முடையதாக இருக்காது. முதல் நாள் நான் மெஷினோடு மல்லுக்கட்டினேன். அது உள்ளே தள்ளும்போது நான் வெளியே தள்ளினேன். மெஷினின் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூச்சை ஆளப் பழகியவனுக்கு அதை விட்டுக்கொடுப்பது கஷ்டம். பிறகு, ஜோடியோடு சேர்ந்து அடியெடுத்து வைப்பதுபோல, அது தள்ளும்போது வாங்கிக்கொண்டேன். மணி நின்றது. அதே நாள்களில் ரத்தத்தை ஒரு குழாயில் வெளியே எடுத்து, அதிலுள்ள மஞ்சள் நீரை நீக்கி, வேறு நீர் கலந்து திருப்பி ஏற்றினார்கள். நரம்பை அடிக்கிற படை அந்த மஞ்சள் நீரில்தான் இருக்கிறதாம். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை.

பேச முடியாது, விரலும் அசையாது. மௌசுமி வந்தாள். ஐந்து நிமிடம்தான் அனுமதி. சும்மா அழுதுவிட்டுப் போகாமல், கட்டா ஒன்றை வாயால் சொல்ல ஆரம்பித்தாள். கட்டா என்றால் எதிரியே இல்லாமல், வரிசை மாறாமல் செய்கிற அடிகளின் தொடர். "இடது பக்கம் திரும்பு. கீழ் தடுப்பு. ஒரு அடி முன்னால, குத்து." நான் படுத்தபடி மனசுக்குள் செய்தேன், முடித்ததற்கு ஒரு முறை கண் சிமிட்டினேன். பதினேழாவது அடியில் நிறுத்தி, "இங்க எப்பவும் இடது காலைத் தப்பா வைப்பே. இப்பவும் வெச்சிருப்பே" என்றாள். வைத்துத்தான் இருந்தேன். சிரிக்க முடியவில்லை, கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அதற்குப் பிறகு அவள் வராத நேரமெல்லாம் நானே செய்தேன். பொழுதைத் தள்ளியது அதுதான். உடம்பு எங்கே போயிற்று என்று தெரியாமல் கிடந்தபோது, எனக்கு ஒரு உடம்பு இருந்ததென்று நினைவூட்டியதும் அதுதான்.

குழாயை எடுத்த அன்று தமிழில் ஏழு. ஒரு வாரத்தில் பத்தொன்பது. டாக்டர் தீதி கூடவே எண்ணுவார். "ஒம்போது" அவர் வாயில் வரவே வராது. ஒவ்வொரு முறையும் அம்மா திருத்துவாள். வீட்டில் செய்த ரசத்தை வடிகட்டிக் கொண்டுவந்து ஸ்பூனில் ஊட்டிக்கொண்டே திருத்துவாள்.

நரம்பில் ஏறிய அடி இறங்க ஆரம்பித்தது. முதலில் தோள், பிறகு கை, கடைசியில் கால். பிசியோதெரபி அறையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்க வைத்தார்கள். பத்து விநாடி. மறுநாளும் பத்து. மூன்றாம் நாள் எட்டு. பக்கத்தில் ஒரு வக்கீல், இதே நோய்தான், அவர் கணக்கும் இப்படித்தான், "நேத்தைவிட குறைஞ்சுபோச்சே" என்று உடைந்துபோய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரே குத்தை ஒரு வருடம் குத்தி, அதிலும் தப்பு என்று சொல்லக் கேட்டவன் நான். ஒன்றுமே தெரியாத வெள்ளை பெல்ட்டாக ஒரு முறை இருந்தவனுக்கு இரண்டாம் முறை இருக்கக் கூச்சம் குறைவு.

வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் தீதியிடம் கேட்டேன், கராத்தேதானே என்னை எழுப்பியது என்று. "கராத்தே தெரியாதவங்களும் எழுந்து நடந்துதான் போறாங்க" என்றார். "நீ ஒரே வேலையை நூறு தடவை செய்ய அலுத்துக்கல. கீழ விழவும் பயப்படல. அவ்வளவுதான். ஆனா அன்னிக்கு உன்னைக் காப்பாத்தினது மாஷிமா." இதையும் நான் அம்மாவுக்கு அப்படியே மொழிபெயர்த்தேன். "போதும், ரசம் ஆறுது" என்றாள்.

பதினோரு மாதம் கழித்து வகுப்புக்குப் போனேன். ஹால் அப்படியே இருந்தது. பழுப்பு பெல்ட் கட்டாமல், கடைசி வரிசையில் நின்றேன். முதல் அரை மணி நேரம் சமாளித்தேன். பிறகு குதிரை நிலை, முழங்காலை மடித்து அகல நிற்பது. தொடை நடுங்க ஆரம்பித்தது. அது பழைய நடுக்கமில்லை, கால் மடங்கப் போகிறது என்று சொல்கிற நடுக்கம். பல்லைக் கடித்தால் இன்னும் ஒரு நிமிடம் நிற்கலாம். முன் வரிசையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

வகுப்பு நடத்துகிற சாரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். "சார், என்னால முடியல. உக்காந்துக்கறேன்."

முன் வரிசையில் தலைகள் திரும்பின. அந்த வாக்கியத்தை அங்கே யாரும் கேட்டதில்லை. சார் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். காதெல்லாம் சூடாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ தொப்பென்று உட்கார்ந்தார்கள். மௌசுமி. முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்ன?" என்றேன்.

"மூணு மாசமா வலி. படி இறங்க முடியல."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இப்ப உன்கிட்ட சொல்றேனே" என்றாள். "தள்ளி உக்காருடா, காலை நீட்டணும்."

நான் தள்ளி உட்கார்ந்தேன். வகுப்பு முடிவதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார, இன்னும் தள்ள வேண்டியிருந்தது.